இரண்டு படி இறங்கிய ஆறு

அன்பிற்குரிய தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகமாக இருப்பது உன் அத்தான் ஒருவர்தான். அவருக்கு விஷயம் தெரியாது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். கும்பிட்ட கையோடு கேட்கிறேன்: வருகிற வியாழக்கிழமைக்குள் நீ இங்கே வந்தாக வேண்டும். லீவு கிடைக்காது என்றால், அக்காவுக்கு நெஞ்சு படபடப்பு என்று சொல். பொய் இல்லை, படபடக்கிறது.

என் ஆற்று நோட்டு உனக்குத் தெரியும். காலையில் சாமி கும்பிட்டதும் பின்கதவைத் திறந்து, மேல்படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை படி காய்ந்திருக்கிறது என்று எண்ணி எழுதிவைப்பேன். இருபத்தாறு வருஷமாகக் காய்ச்சல் நாளில்கூட விட்டதில்லை. ஆற்று அளவை ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிற நீயே, "எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு ஒழுங்கா எழுதல அக்கா" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏறிய தலைக்கனத்துக்குத்தான் இப்போது தண்டனை.

போன மாதம் மாப்பிள்ளை அந்த நோட்டைக் கேட்டார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள், பூரித்துப்போய்க் கொடுத்துவிட்டேன். கதவு ஜன்னல் கடை வைத்திருப்பவர், ஸ்கேல் பிடிக்கத் தெரியும். என் எண்களைப் பெரிய தாளில் கோடாகப் போட்டுக்கொண்டு வந்து கூடத்துச் சுவரில் ஒட்டி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பாருங்க அத்தை, பதினாலாவது வருஷத்துல ஆறு பொத்துனு இறங்கிருச்சு. அப்புறம் பழைய மாதிரி ஏறவே இல்ல. இன்னும் பத்து வருஷத்துல உங்க பின்பக்கத்துல கார் நிறுத்தலாம்!" அந்தத் தைரியத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஆற்றை ஒட்டி யாரும் சீந்தாமல் கிடந்த பள்ளத்து மனையை வாங்கியும்விட்டார். வியாழக்கிழமை அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் லாரி வருகிறது. என் மகள் அந்தப் பள்ளத்தில்தான் படுத்துத் தூங்கப்போகிறாள், வயிற்றில் நாலு மாதப் பிள்ளையோடு.

போன திங்கட்கிழமை உன் அத்தான் பின்பக்கம் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டே, "இந்த மேல் ரெண்டு படி மட்டும் அசையாம இருக்கு பாத்தியா? நான் பக்கத்துல நின்னு கட்ட வச்சது" என்றார். கையிலிருந்த வாளியைக் கீழே போட்டேன். சமையலறைக்குள் வெள்ளம் வந்த வருஷம், பின்பக்கத்தை மேடாக்கி, இருந்த படிகளுக்கு மேலே இன்னும் இரண்டு படி வைத்தார். எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்ததே நான்தான். நோட்டைப் புரட்டினால், "மேல்படி சிமெண்டு ஈரம். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணியது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மறுநாள், கொஞ்சமும் கூசாமல், புது மேல்படியிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறேன்! எந்த வருஷம் என்று கேட்கிறாயா? பதினாலாவது வருஷம். ஆறு இறங்கவில்லை தம்பி, படிதான் ஏறியிருக்கிறது.

அன்றிலிருந்து அடுப்பு வேலை போக மிச்ச நேரமெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக் கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கழித்துக்கொண்டிருக்கிறேன். கழித்துப் பார்த்தால் கோடு ஒரேயடியாக இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ஐந்தாறு வருஷம் வற்றல், மூன்று நாலு வருஷம் பெருக்கு. அதுவும் வரவர வீச்சு அதிகம். இப்போது நாலு வருஷமாக வற்றல் என்பதால் அந்தப் பள்ளம் காய்ந்துபோய் இளிக்கிறது. ஆறுகளைப் பற்றி நீ அனுப்பிய புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். நம் தெருவில் பெய்கிற மழையை வைத்து இந்த ஆற்றைச் சொல்லக் கூடாதாம். ரயிலில் இரண்டு நாள் போனாலும் தாண்ட முடியாத நிலத்தின் தண்ணீரெல்லாம் எங்கள் பின்படி வழியாகத்தான் போகிறது. சூடான வருஷத்தில் வெயிலும் மண்ணும் மரமும் முதலில் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் ஆற்றுக்கு விடுமாம்; அதனால் மழை கொஞ்சம் குறைந்தாலே ஆறு நிறையக் குறையும், ஊறிப்போன மண்ணில் கொஞ்சம் கூடப் பெய்தால் அத்தனையும் ஓடி வரும். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் நான்.

மாப்பிள்ளையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மறுபடியும் வெள்ளம் வந்தா?"

"சராசரி போட்டுட்டேன் அத்தை. சராசரித் தண்ணி நம்ம வாசலுக்கு நாலு அடி கீழதான்."

"சராசரித் தண்ணி ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்ல மாப்பிள்ளை. வந்ததெல்லாம் ஒண்ணு கூட, இல்லேன்னா கொறைய."

"உங்க நோட்டை நீங்களே நம்பலைன்னா எப்படி?" என்று சிரித்தார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன்? "எங்க அத்தை ஒரு விஞ்ஞானி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் மனுஷன். பன்னிரண்டு வருஷமாகக் காலடியில் இருந்த இரண்டு படியைக் காணாத விஞ்ஞானி! ஆகவே நீ வந்து, உங்கள் ஆபீஸ் கணக்கில் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல். என் பெயர் வராமல் சொல். இப்படிக் கேட்பதற்கு ஆண்டவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் ஆயுசிலும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

உன் தூக்கத்தைக் கெடுக்கிற,
அக்கா

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது லாரி வந்துவிட்டது, ஐந்து நாள் முன்னதாக. நோட்டோடு ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வராதது, டிரைவர், கொத்தனார், எட்டு ஆட்கள், பாதித் தெரு முன்னால் வந்துவிட்டது. மாப்பிள்ளை நோட்டை வாங்கி அந்த ‘சிமெண்டு ஈரம்’ பக்கத்தைப் பார்த்தார். பள்ளத்தில் கொட்ட வேண்டாம் என்று டிரைவரைத் தடுத்தார். "சார், இறுகிடும். எங்க கொட்டுறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க" என்று டிரைவர் கத்தினார். உன் அத்தான் நம் வீட்டுப் பக்கவாட்டுக் காலி இடத்தைக் கை காட்டினார். ஆக, அங்கே ஒரு அறைக்குத் தளம் போட்டாயிற்று; மகளும் மாப்பிள்ளையும் இனி எங்களோடுதான். நீ வந்தால் கட்டில் போட்டுப் படுக்கிற இடம் அது, ஆகவே நீ வர வேண்டாம். "இங்க தண்ணி வராதாம்மா?" என்று மகள் கேட்டாள். "வராதுன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்டி. வந்தா எல்லாரும் ஒரே மாடியில நிப்போம்" என்றேன். மாப்பிள்ளை டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறியிருக்கிறார், எத்தனை பேர் நிற்கலாம் என்று அளக்க.