மிளகாய் பெயிண்டரும் இரண்டு வெள்ளைகளும்

பழனிசெட்டிபட்டியில் மிளகாய் பெயிண்டரின் கை படாத சுவர் இருக்கலாம். அவரிடம் திட்டு வாங்காத வீட்டுக்காரர் கிடையாது. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். பக்கத்துத் தெருக்காரர் பூஜையறைக்குக் கருநீலம் கேட்டதற்கு, பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே அடிங்க, எனக்கு மனசாட்சி இருக்கு" என்று கிளம்பிவிட்டவர்.

சென்ற ஆண்டு எங்கள் படுக்கையறைக்கு அவரைக் கூப்பிட்டேன். கடையில் கொடுத்த அட்டையைப் பார்த்து ஆஃப் ஒயிட் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவரோ லேசாக மஞ்சளோடிய ஐவரியும் கொஞ்சம் வாங்கிவரச் சொல்லி, கதவகலத்துக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் பூசினார். மறுநாள் மூன்று வேளையும் என்னைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

பிரஷ்ஷை வாளியில் எறிந்தார். "ஒண்ணா? மேக்க பாத்த சன்னலு. வெயிலு எறங்குனா உங்க ஆஃப் ஒயிட்டு கண்ணக் குத்தும். ஐவரி குத்தாது. பகல்ல இந்த ரூம்ல யாரு இருப்பாக?"

"என் வீட்டுக்காரி. ஒத்தத் தலைவலி வந்தா இங்கனதான் படுப்பா."

"அவுககிட்டக் கேட்டீகளா?"

மனைவி உத்தமபாளையத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. "என் வீடு. சொன்னத அடிங்க" என்று கத்தினேன்.

பாதிச் சுவருக்கு ஆஃப் ஒயிட் அடித்தார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மீதிப் பாதியில் ஐவரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது என்றேன். "கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மதியம் மனைவி வந்தாள், பஸ்ஸில் வெயில் பட்ட தலைவலியோடு. சுவரைப் பார்த்தாள். பாயை ஐவரிப் பக்கம் போட்டுப் படுத்தாள்.

"அங்கிட்டுப் பாத்தா கூசுது. இங்கன பரவாயில்ல. யாரு பாத்து அடிச்சது?"

அவளுக்கு வெளிச்சம் ஆகாது என்று பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும். சுவரோடு சேர்த்து அதை ஒருநாளும் யோசித்ததில்லை. அத்தனை கோபமும் என் மேலேயே திரும்பியது.

பெயிண்டருக்குப் போன் செய்து, மீதியையும் ஐவரியே அடிக்கச் சொன்னேன். "முடியாது" என்று வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் ஏணியோடு வந்து நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் மட்டும், "ஆத்தா, பெயிண்டு வாடை தலைவலிக்கு ஆகாது. ரெண்டு நாளைக்கு அடுத்த ரூம்ல படுத்துக்கங்க" என்றார். அந்தத் தணிந்த குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதானாலும் அவரைக் கூப்பிடப் போவது நான்தான். வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுவார். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.