மாப்பிள்ளை கொடுத்த லேப்டாப்பில் ஓர் ஒழுங்கான கோளாறு

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பல ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுகமில்லாமல் இருப்பது நீங்கள் போன தடவை வந்தபோது கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் ஒன்றுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அதுவும் மாப்பிள்ளை கொடுத்த மாடு. இருந்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய நிலைமை வந்து, பிடித்ததோடு நில்லாமல் இருபத்தாறு பல்லையும் பிடுங்கி மறுபடி நட்டும் வைத்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக் கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீடு இரண்டே அறை, ஒரு அறையில் நான் பெருமூச்சு விட்டால் அடுத்த அறையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று கேள்வி வரும். உங்களுக்குப் போன் செய்தால் மகள் எடுக்கிறாள், மகளிடம் சொன்னது அரை மணியில் அவள் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. செல்போனில் எழுதி அனுப்பலாம் என்றால் என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அழுத்துகிறது. ஆகவே உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே கையால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

முதலில் ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தை இருபத்தெட்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி ஏழு வருடம் டைப்ரைட்டரை எடுத்துவிட்டு, அவளைத் தபால் ஒட்டுகிற மேசையில் உட்கார வைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஒரு கம்பெனி, கூட்டங்களில் பேசுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்து அனுப்பினால் வீட்டிலிருந்தே கேட்டு எழுத்தில் அடித்துத் தர ஆள் எடுக்கிறதாம். அதற்கு ஒரு பரீட்சை, நாற்பது நிமிடம், லேப்டாப்பிலேயே எழுத வேண்டும், தவறினால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான். வருகிற சனிக்கிழமை பரீட்சை. மாப்பிள்ளை, ஒன்று சொல்கிறேன். செய்தி கேட்கும்போது அவள் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடும், நான் அதை நரம்புத் தளர்ச்சி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். போன மாதம் வாய்விட்டுக் கேட்டேன். "செய்தியில அவர் படிக்கிறதை டைப் அடிச்சிட்டிருக்கேன்" என்றாள். அவள் ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, அந்த ஆசைக்குக் குறுக்கே என் கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இனி விஷயம். லேப்டாப் முதலிலிருந்தே கொஞ்சம் மெதுவு. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் கதவு மூடும் நேரத்தை அளக்க நான் வைத்திருந்த ஸ்டாப் வாட்ச்சை எடுத்து அளந்தேன், பொத்தானை அழுத்தியதிலிருந்து படம் வரும்வரை நாலு நிமிடம் பத்து வினாடி. ஏன் இவ்வளவு நேரம், உள்ளே யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. அப்போது திரையின் மூலையில் "உங்கள் கணினி மெதுவாக இருக்கிறதா?" என்று ஒரு பெட்டி வந்தது. என் வீட்டுச் சங்கதி அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துபோய் "ஆமாம்" என்று அழுத்தினேன். வேகப்படுத்தும் புரோகிராம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஐந்து நிமிடம் ஆயிற்று. சரி, ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றைச் சேர்த்தேன். இப்படி ஏழு சேர்த்திருக்கிறேன். இப்போது படம் வருவதற்குள் நான் முகச்சவரம் முடித்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஏழு பேரும் முழுமூச்சாக வேலை செய்வது தெரிகிறது, அடியில் கை வைத்தால் அப்படிச் சுடுகிறது, ஆனாலும் வேகம் வரவில்லை. இது ஏன் என்று உங்களுக்கு நேரமிருக்கும்போது எழுதுங்கள்.

இந்த நிலையில் எஸ் என்ற பொத்தான் மாட்டிக்கொண்டது. ஒருமுறை தொட்டால் வரிசையாக ஒரு பக்கம் முழுக்க எஸ் ஓடியது. யாரோ லேப்டாப்பின் மேல் பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார்கள், யார் என்பது இப்போது முக்கியமில்லை. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது கூடவே பதிஞ்சு வர்ற கீபோர்டு சார். ஒரு பட்டன் போச்சுன்னா மொத்தமா மாத்தணும். இருபது நாள் ஆகும்" என்றார். "ஒரு பல் வலிச்சா தாடையையே மாத்துவீங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் பலகை முழுவதையும் கழற்றித் துடைத்து மாட்டுவதுதான் எங்கள் வழக்கம். உங்கள் அத்தை கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, எழுத்துப் பொத்தான் இருபத்தாறையும் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, எடுத்த வரிசையிலேயே துண்டின் மேல் அடுக்கி வைத்தேன். தூசியைத் தட்டினேன், எஸ்ஸுக்கு அடியில் இருந்த பிஸ்கட்டை எடுத்தேன். இரண்டு பொத்தான்களில் மட்டும் சின்னக் கோடு போல ஒரு மேடு இருந்தது, வார்ப்பில் விட்ட பிசிறு என்று அரத்தால் தேய்த்துச் சமமாக்கினேன். கையைக் கழுவிவிட்டு வருகிறேன், உங்கள் அத்தை திரும்பி வந்து, முகம் கழுவிக்கொண்டு, அதே துண்டை உதறிக்கொண்டிருக்கிறாள்! மாப்பிள்ளை, அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னங்க இது, சில்லறையா?" என்றாள். "ஒண்ணுமில்ல, லிஃப்ட் சாமான்" என்று சொல்லி அவளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து இருபத்தாறையும் பொறுக்கினேன். ஆனால் வரிசை போய்விட்டது. பழைய வரிசை எனக்கு ஞாபகமில்லை, கியூவோ என்னவோ முதலில் இருந்தது, மற்றபடி தாறுமாறாகக் கிடந்தது. எழுத்துகளை ஏன் அப்படிக் கலைத்துப் போட்டிருந்தார்கள் என்று எனக்கு அப்போதே கேள்வி. எந்தத் தொழிற்சாலையிலோ இதே மாதிரி ஒருத்தி துண்டை உதறியிருக்க வேண்டும். நான் ஏ, பி, சி, டி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த ஒழுங்கில் அழகாக மாட்டிவிட்டேன். இப்போது பார்த்தால் கண்ணுக்கே குளிர்ச்சி. எழுத்து அதில்தான் எழுதியிருக்கிறது, கம்ப்யூட்டரோ படித்த மெஷின், பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் கோளாறு ஆரம்பம். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அழுத்தினேன், தவறு என்றது. மூன்று தடவை தவறு. உங்கள் அத்தை வந்து உட்கார்ந்தாள், கீழே பார்க்காமலே தடதடவென்று அடித்தாள், திறந்துகொண்டது! டைப் பள்ளியில் விரல் மேல் துணியைப் போட்டு மூடித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம், அதனால் அவள் ஜென்மத்தில் கீழே பார்த்ததில்லை. முதல் நாள் மட்டும் "கைக்கு அடையாளமா ரெண்டு மேடு இருக்குமே, காணோமே" என்றாள். பத்து நிமிடத்தில் அதுவும் பழகிவிட்டது. இப்போது தினமும் ஒரு மணி நேரம் தமிழில் அடித்துப் பழகுகிறாள், ஒரு பிழை இல்லை. நான் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை உருப்படியாக வருவதில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், கையை அவள் மாதிரி வெதுவெதுப்பாக்கிக்கொண்டு பார்த்தேன், அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். ஆளைப் பார்த்து வேலை செய்கிற மெஷினை நான் கண்டதில்லை. லேப்டாப்புக்கு விரல் அடையாளம் தெரியும் என்கிறார்களே, அதுவா இது?

பிறகு நோட்டுப் புத்தகம் எடுத்து முறையாகச் சோதித்தேன். ஏ அழுத்தினால் கியூ வருகிறது. பி அழுத்தினால் டபிள்யூ. சி அழுத்தினால் ஈ. இருபத்தாறில் ஒன்றுகூடத் தப்பித்தவறிச் சரியாக வரவில்லை. இதில் அதிசயம் என்னவென்றால், எத்தனை தடவை அழுத்தினாலும் அதே தப்புதான் வருகிறது. கெட்டுப்போன லிஃப்ட் ஒரு நேரம் நாலாம் மாடிக்குப் போகும், ஒரு நேரம் பாதியில் நிற்கும். இது தினமும் அதே தப்பான மாடிக்கு நேரம் தவறாமல் போகிறது. இவ்வளவு ஒழுங்கான கோளாறை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ரிப்பேர் கடைக்காரரிடம் கெஞ்சி, வெளியிலிருந்து செருகும் பழைய கீபோர்டு ஒன்றை இரண்டு நாளைக்கு வாங்கி வந்தேன். அதில் எனக்கும் ஏ அழுத்தினால் ஏ வந்தது. அதிலும் எழுத்துகள் தாறுமாறாகத்தான் கிடந்தன, பாவம், அதை யாரும் சரி செய்யவில்லை போலிருக்கிறது. ஆக, வெளிக் கீபோர்டு நன்றாக இருக்கிறது, உள் கீபோர்டு கெட்டுவிட்டது என்பது நிரூபணம். "இதுலயே பரீட்சை எழுதிடேன்" என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு? இதுல எனக்கு ஒரு குறையும் இல்லையே" என்கிறாள். ஒன்றும் தெரியாமல் அந்தக் கெட்டுப்போன கீபோர்டை நம்பிக்கொண்டிருக்கிறாள். பரீட்சை நடுவில் அது என்னிடம் காட்டுகிற புத்தியை அவளிடமும் காட்டிவிட்டால் என்ன ஆகும்?

ஆகையால் மாப்பிள்ளை, என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இந்த மாடலுக்குப் பொருந்தும் கீபோர்டு ஒன்றை அங்கே தேடி அனுப்புங்கள். இரண்டு, சனிக்கிழமைக்கு முன்னால் நீங்களே அத்தையோடு பேசி, பரீட்சையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படித்தவர் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் பிஸ்கட் பேச்சு வரும். மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் ஒருவர் சாமானை ஒருவர் கழற்றாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில், நாங்கள் சுகம் என்பதைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை முடித்து, உறை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், உங்கள் அத்தை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சை சனிக்கிழமை இல்லை, இன்றைக்கே பதினோரு மணிக்கு என்று காலையில் செய்தி வந்ததாம். "வாசலைத் தாண்டி உள்ள வரக் கூடாது" என்று எனக்கு உத்தரவு. நாற்பது நிமிடமும் கதவோரம் நின்றேன், மூச்சுகூட மெதுவாக விட்டேன். அவள் அடித்த வேகத்தில் மேசை ஆடியது. முடித்தாள். திரையில் பெரிய எழுத்தில், அனுப்பலாம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் 'என்' என்ற எழுத்து, அதை அழுத்தினால் எழுதியது முழுவதும் அழிந்துவிடும், முப்பது வினாடிக்குள் அழுத்தவும் என்று வந்தது. அவள் விரல் மேல் வரிசைக்குப் போகிறது. நான் பார்க்கிறேன், அது எஃப்! "ஐயோ, அது எஃப்! ஒய் கீழ இருக்கு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, ஒய் என்று எழுதியிருந்த பொத்தானை நானே அழுத்தக் கையை நீட்டினேன். "கையை எடுங்க!" என்று பளாரென்று புறங்கையில் ஒரு அடி. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் முதல் அடி. அடித்த வேகத்தில் எஃப்பை அழுத்தினாள். "கிடைத்தது, நன்றி" என்று வந்தது.

அதன் பிறகுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கீழே பார்த்தாள். ஏ, பி, சி, டி என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "நாப்பது வருஷம் லிஃப்ட் பார்த்தவர்தானே நீங்க? மூணாம் மாடி பட்டனைக் கழட்டி ஏழாம் மாடி இடத்துல மாட்டினா, அதை அழுத்தினா லிஃப்ட் எங்க போகும்?" என்று கேட்டாள். "ஏழாம் மாடிக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் அழுத்தப் போன ஒய்க்கு நேரே, என் கையாலேயே "என்" என்று எழுதியிருக்கிறேன். இன்னும் ஒரு விரல்கடை நீட்டியிருந்தால் அவள் எழுதியது அத்தனையும் போயிருக்கும். இங்கே எழுத்து கோணலாக இருப்பதற்கு அடி வாங்கிய புறங்கைதான் காரணம்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேலை. பதிலைப் படித்துக்கொண்டே என் ஏழு புரோகிராமையும் பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டாள், இப்போது ஒரு நிமிடத்தில் படம் வருகிறது, இனி எனக்குச் சவரம் செய்யக்கூட நேரம் கிடைக்காது. பொத்தான்களைப் பழையபடி மாட்டித் தருகிறேன் என்றேன். "வேண்டாம். இப்படியே இருக்கட்டும். அப்பதான் நீங்க இதைத் தொட மாட்டீங்க" என்றாள். ஆகவே கீபோர்டு அனுப்ப வேண்டாம், அத்தையிடம் பேசவும் வேண்டாம். ஆனால் மாப்பிள்ளை, உங்கள் ஆபீஸில் யாரும் உபயோகிக்காத பழைய லேப்டாப் ஏதாவது கிடந்தால் எனக்கென்று தனியாக ஒன்று அனுப்புங்கள். கெட்டுப்போனதாக இருந்தால் ரொம்ப நல்லது.