பேசாதவர்களுக்கான அனுமதிச் சீட்டு

விமானம் பார்ப்பது சட்டப்படி குற்றமல்ல என்பதை முதலிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். குற்றமாக இருந்திருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன். போலீஸ்காரர் வழி கேட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவருடைய வயல். இறங்க வரும் விமானங்கள் அந்த வயலுக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால் சக்கரத்தின் தேய்மானம் தெரிகிற அளவுக்குத் தாழ்வாகப் போகும். அதைப் பார்க்கச் சனிக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் அங்கே கூடுவார்கள். நிலக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர்கள் நிற்பதால் மாடு உள்ளே வருவதில்லை என்பது அவர் கணக்கு.

அவர்களில் இருவரை மட்டும் சொன்னால் போதும். ஒருவருக்கு ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மடக்கு ஏணி ஒன்றில் ஏறி நின்றுதான் படமெடுப்பார். பதினான்கு பை வைத்த சட்டை போட்டிருப்பார். பன்னிரண்டில் ஒன்றும் இருக்காது. இன்னொருவர் நோட்டு. ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் இருக்கிற எழுத்துகளைக் குறித்துக்கொள்வார்.

"இதையெல்லாம் எழுதி என்னங்க பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதே விமானம் மறுபடி வந்தா, ஏற்கெனவே பார்த்தாச்சுன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சா?"

"அப்ப பார்க்க வேண்டாமே!" என்றார். ஆனாலும் பார்ப்பார்.

நான் போனது விமானத்துக்காக அல்ல. என் மகளுக்கு மூன்று வயது ஏழு மாதம். அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும், சிரிப்பாள். வாய் மட்டும் திறக்காது. ஒருநாள் கதவிடுக்கில் அவள் விரல் மாட்டிக்கொண்டது. நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா என்று ஒரு சத்தம் வரவில்லை. தற்செயலாக நான் வந்து பார்க்கும்வரை அப்படியே நின்றிருக்கிறாள், கண்ணில் நீர் வழிய. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது ஆனால் இவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள்?

அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்த வயலருகே எங்கள் கார் டயர் பஞ்சரானது. என் கணவர் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நானும் அவளும் வரப்பில் நின்றோம். வானத்தில் ஒன்றும் இல்லை. திடீரென்று அவள் விரலை நீட்டி, "வருது" என்றாள்.

பத்து விநாடி கழித்து விமானம் வந்தது. ஏணிகூட ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "பாப்பாவுக்கு நம்ம எல்லாரையும்விடக் காது கூர்மை!" என்றார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து வாரத்தில் மூன்று சொல். வருது, வாலு, போச்சு. வீட்டில் ஒன்றும் கிடையாது. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், கணினியில் காட்டினோம், பொம்மை விமானம் வாங்கினோம், என் கணவர் கையை விரித்துக்கொண்டு கூடத்தில் இரைந்தபடி ஓடினார். அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா சொன்னார்: "எங்க பேசுறாளோ அங்க கூட்டிட்டுப் போங்க. வேற மருந்து இல்ல."

இந்நிலையில்தான் பறவை வந்தது.

அதன் பெயர் ஆள்காட்டி. மனிதர் யாராவது அந்தப் பக்கம் போனால் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தும், அதனால் அந்தப் பெயர். கூடு கட்டுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாது. வெறும் தரையில் முட்டையிடும். வயலின் நடுவே நான்கு முட்டை இட்டிருந்தது. முதலில் பார்த்தது ஏணி. யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றி நான்கு குச்சி நட்டார். அதோடு விட்டிருக்கலாம். நல்ல குடிமகன் என்பதால் பறவைக்கூடு பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதினார்.

ஏழாம் நாள் பலகை வந்தது. 'ஒலி எழுப்ப வல்ல மனிதர் எவரும் மேற்படி நிலத்தினுள் பிரவேசித்தலாகாது.'

நிலக்காரர் அலறிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். ஏணியும் நானும் பின்னாலேயே போனோம், என் இடுப்பில் மகள். பறவைக்கூடு பாதுகாப்பு அலுவலர் நல்ல மனிதர். எங்கள் எல்லோரையும் உட்காரச் சொன்னார். அதுவே பாதி பயத்தைக் கிளப்பியது.

"சார், என் நிலத்துல நான் உழ வேண்டாமா?"

"தாராளமா உழுங்க. டிராக்டர் போகலாம். டிராக்டர் மனிதர் இல்ல."

"ஓட்டுறது நான்தானே சார்?"

"இறங்காதீங்க. இறங்கினா மனிதர்."

நிலக்காரர் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போது ஏணி முன்னால் வந்தார். "சார், அதுக்குப் பேரே ஆள்காட்டி. ஆளே இல்லைன்னா அது யாரைக் காட்டும்?"

"அதுதாங்க பிரச்சினை. ஆளைப் பார்த்தா கத்துது. கத்தினா அதுக்கு மன உளைச்சல். ஆய்வுல வந்திருக்கு."

"தலைக்கு மேல விமானம் போகுதே, அந்தச் சத்தம்?"

"அது வேற துறை" என்றார் அலுவலர், கொஞ்சம் வருத்தத்தோடு.

"அப்ப நீங்க மட்டும் உள்ள போய்ப் பேசிட்டு வர்றீங்களே சார்?"

"நான் அலுவலர்ங்க. விதியில மனிதர்னுதான் போட்டிருக்கு."

என் முறை வந்தது. நான் படித்த கான்வென்டில், வகுப்பில் பேசாமலிருந்ததற்காக மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியவள் நான். "சார்... என் பொண்ணு... பேச மாட்டா. அதனாலதான்..." என்று தொடங்கினேன்.

அலுவலர் முகம் மலர்ந்தது. "பேச மாட்டாளா? அப்ப பிரச்சினையே இல்லையே மேடம்!"

விதிப் புத்தகத்தை எடுத்தார். விதி என்று இருந்தால் விலக்கு என்று ஒன்றும் இருக்க வேண்டுமே என்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்த வரி ஒன்று இருந்தது. 'பேச்சற்ற நபரும், வாய் மூடிய நிலையில் அவர்தம் காப்பாளரும் நீங்கலாக.' அந்த விலக்குச் சீட்டை இதுவரை யாருக்கும் கொடுக்க முடியவில்லையாம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஒரு டாக்டர் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வாங்க. பேசினா சீட்டு ரத்து, அவ்வளவுதான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "என்னம்மா இது? வயல்ல பேசுறாள்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வயலுக்குள்ள போறதுக்குத்தான் டாக்டர். எங்கேயும் பேச மாட்டாள்னு எழுதிக்குடுங்க. அப்பதான் பேச வைக்க முடியும்."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு எழுதிக்கொடுத்தார்.

அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. அலுவலர் ஒரு ஆப்பிள் படத்தைக் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றார். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பேசாமலிருந்தாள். யானையைக் காட்டினார். ம்ஹூம். "பிரமாதம்!" என்று முத்திரை குத்தினார். இந்த மாதிரிப் படங்களைக் காட்டி நான்கு பள்ளிக்கூடங்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. என் மகள் முதன்முதலாக ஒரு தேர்வில் ஜெயித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

செய்தி பரவியது. ஏணி மூன்று நாள் மௌனமாக இருந்து பழகிவிட்டு நேர்காணலுக்குப் போனார். ஆப்பிளுக்கு அசையவில்லை. யானைக்கும் அசையவில்லை. கடைசியில் அலுவலர், "அப்ப நீங்க பேசவே மாட்டீங்க?" என்று கேட்க, "மாட்டேன் சார்" என்றுவிட்டார். வெளியே வந்து ஏணியின் மேல் உட்கார்ந்து அழாத குறை.

நோட்டு முயலவே இல்லை. சாலை ஓரத்திலிருந்து வால் எழுத்து தெரியாது என்பதால், எல்லா விமானத்துக்கும் 'பார்க்கப்படவில்லை' என்று எழுதத் தொடங்கினார்.

நகரத்தில் அது ஒரு மோஸ்தராகிவிட்டது. கழுத்தில் பச்சைப் பட்டையில் தொங்குகிற பேசாதவர் சீட்டு இருந்தால்தான் பெரிய இடத்து ஆள் என்றானது. மௌனப் பயிற்சி வகுப்புகள் திறந்தார்கள். எங்கள் தெருவில் நடந்த வகுப்பில், வாயை மூடுவதன் ஒன்பது நன்மைகளைப் பற்றி ஒருவர் மைக்கில் இரண்டு மணி நேரம் பேசினார். மூன்றாவது நன்மையிலேயே கூட்டம் அமைதியாகிவிட்டது. பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள்.

இதற்கிடையே ஒரு சனிக்கிழமை, சீட்டோடு நானும் அவளும் மட்டும் வயலுக்குள் போனோம். சாலையில் ஏணியும் நோட்டும் கையசைத்தார்கள். வயல் நடுவில் அலுவலர் குடை விரித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ஒலி அளக்கும் கருவி. ஒவ்வொரு விமானம் தலைக்கு மேல் வரும்போதும் கருவியை அணைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, போனபிறகு மறுபடி போடுவார். ஒழுங்கான மனிதர்.

நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விமானம் வரும் நேரத்தில் கருவி ஓடாது. அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அரசாங்கமே கொடுத்திருக்கும் பத்து விநாடி.

ஆனால் என் மகள் விமானத்தைப் பார்த்துப் பேசுகிறவள் அல்ல. வருவதற்கு முன்பே சொல்கிறவள்.

வானம் வெறுமையாக இருந்தது. கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் என் விரலை இறுக்கினாள். முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. நான் மூன்றரை வருடம் காத்திருந்த வெளிச்சம். வாய் திறந்தது. "வரு..."

பொத்தினேன். என் கைதான். சீட்டு போய்விடுமே, இனி ஒருநாளும் உள்ளே விட மாட்டார்களே என்ற பயத்தில், யோசிக்கவே இல்லை. மீதிச் சொல் என் உள்ளங்கையில் சூடாக வந்து முட்டி நின்றது. விமானம் வந்து, போனது.

அலுவலர் இருமல் என்று குறித்துக்கொண்டதாகச் சொன்னார். அவ்வளவு நல்லவர். நான் பயத்தில் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த நான்கு குச்சிகளைப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை.

"குஞ்சு பொரிச்சுக் கூட்டிட்டுப் போயிடுச்சு மேடம். பத்து நாளாச்சு" என்றார். "ஆனா இவ்வளவு நல்ல அமைதி உருவாகியிருக்கே, அதைப் பாதுகாக்கணுமே. மேலிடத்துல ரொம்பத் திருப்தி."

அடுத்த விமானத்தின் நேரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். என் விரலை விட்டாள். இரண்டு கையையும் எடுத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, சரியா என்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பொறுப்பா வளர்த்திருக்கீங்க!" என்று சொல்லி, அங்கேயே சீட்டை வாங்கி ஒரு வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். விதி ஞாபகம் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.