புலிக்கு ஆகாத மான்

ஒரு காட்டில் வஞ்சி என்றொரு புள்ளிமான் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திவந்தது. வேலையில் கெட்டிக்காரி; பிடிவாதமும் அதே அளவு. ஒருநாள் வல்லரசு என்ற புலி உடம்பெல்லாம் தடிப்போடு வந்து, "எது ஒத்துக்காம இப்படி அரிக்குதுன்னு பார்த்துச் சொல்லும்மா" என்று முன்காலை நீட்டியது. வழக்கமாக ரத்தம் எடுப்பது புலி, கொடுப்பது மான். வஞ்சி அதைப் பற்றியெல்லாம் யோசிக்காமல் ஊசியைக் குத்தியது.

முடிவு வந்தது: மான் ஒவ்வாமை.

"பொறந்ததுலேர்ந்து அதைத்தானே தின்னுட்டிருக்கேன்!" என்று புலி கத்தியது. மறுபடி பார்த்தார்கள், இன்னொரு தடவையும் பார்த்தார்கள். இம்மி பிசகாமல் அதே எண். பொய்யாக இருந்தால் ஒரு தடவையாவது உளறியிருக்காதா? புலி மனமுடைந்து ஆற்று நண்டுக்கு மாறியது. மான் கூட்டத்தில் திருவிழாதான்.

வஞ்சிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வெறும் தண்ணீரை அதே சோதனைக்குப் போட்டுப் பார்த்தது. தண்ணீருக்கும் மான் ஆகாதாம்! குழாய்க்குள் உற்றுப் பார்த்தால், வஞ்சியின் தலைமுடியே மிதக்கிறது. தலைக்கு உறை மாட்டிக்கொண்டு, மீதமிருந்த புலி ரத்தத்தை மறுபடி சோதித்தது. புலிக்கு ஆகாதது பார்த்தீனியச் செடியின் மகரந்தம்.

உடனே புலியிடம் சொல்லக் கிளம்பிவிட்டது. பெரியப்பா முறையான செம்பான் என்ற கிழமான் ஓடிவந்து வழிமறித்தது.

"மூணு தடவையும் ஒரே நம்பர் வந்துச்சே, அது போதாதா? கம்முனு கிட தாயி!"

"மூணு கல்லும் ஒரே கிளையில பட்டா மாங்கா விழுந்திருமா பெரியப்பா? காயில படணும்ல!"

படித்த பிள்ளையை என்ன சொல்லித் தடுப்பது?

புலி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது. நண்டு தின்று தின்று அதற்கு விலா எலும்பு தெரிந்தது.

"அப்போ மான் எனக்கு ஒத்துக்கும்?"

"நூத்துக்கு நூறு, ஐயா."

"ஏற்கெனவே ஒரு தடவை தப்பாச் சொன்னே. இனிமே எப்படி நம்புறது?"

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பாவி மகள், நேர்மையாகப் பதில் சொன்னது.

"ரத்தச் சோதனையைவிட நம்பகமானது ஒண்ணு இருக்குங்க. கொஞ்சம் தின்னு பார்க்கிறது. ஆனா தனியாச் செய்யக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க கூடவே இருக்கணும்."

"அதான் நீ இருக்கியேம்மா" என்றது புலி.

அதன்பிறகு புலிக்கு அரிக்கவே இல்லை. வஞ்சி கடைசியாகச் சொன்ன முடிவு அவ்வளவு துல்லியம்.

நீதி: பரிசோதனைக் கூடத்தில் தலைக்கு உறை போடாதவர் நீண்ட ஆயுளோடு வாழ்வார்.