லாரிப் பெட்டியும் டிப்போ மேடும்

“நாலு விரல் நீளமா இருக்கு மாமா” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

கொக்கி குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். மச்சினனின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“எதுடா நீளமா இருக்கு?”

“பெட்டிதான். லாரிக்குச் செஞ்ச கியர் பெட்டி. உங்க வண்டி வயித்துல அடங்க மாட்டேங்குது.”

“அளந்துதானேடா வாங்கினோம்?”

“நீங்க கையை விரிச்சு அளந்தீங்க. நான் ‘சரியாத்தான் இருக்கும்’னு சொன்னேன். அதுக்குப் பேரு அளவா?”

நாளைக் காலை பஸ் கம்பெனியின் சோதனை. வண்டியோ குடலைப் பிடுங்கிப் போட்ட மாதிரி பட்டறையில் கிடந்தது.

ஊருக்குள் எந்தக் காரோ வேனோ நடுரோட்டில் படுத்தாலும் கொக்கியைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருக்காரர்களுக்கே தெரியாது. இழுவை வண்டி அவனுடையது; பழையது; ஆட்டோமேட்டிக் கியர். சின்னக் கார்களை இழுக்கும்வரை அந்தக் கியர் பெட்டி மானத்தைக் காப்பாற்றியது. பாரம் கூடினால் இன்ஜின் மட்டும் தொண்டை கிழியக் கத்தும், சக்கரம் நகராது. இப்போது பஸ் கம்பெனி, தன் பஸ் எங்கே நின்றாலும் இழுத்துவர நிரந்தரமாக ஓர் ஆளைத் தேடியது. இரண்டு பேரைச் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன் புது வெள்ளை வண்டிக்காரன். இன்னொருவன் கொக்கி.

இந்த வண்டிக்கு முன்னால் கொக்கி கிடங்கில் மூட்டை தூக்கினான். பிடரியில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. முதுகு பாதி போய்விட்டது. வேலை கிடைக்காவிட்டால் வண்டி எடைக்குப் போகும், அவன் மறுபடி கிடங்குக்குப் போக வேண்டும். மிச்ச முதுகும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டிக்கும் தெரியும். அதனால்தான் பெட்டி வாங்க வீட்டுச் சேமிப்பில் அவன் கை வைத்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காததுதான் அவனுக்கு அதிக பயமாக இருந்தது.

புதுப்பெட்டியின் விலைக்கு இந்த மாதிரி வண்டியே வாங்கலாம். ஆகவே பழைய இரும்புக் கடை. “கவுந்த லாரியோட பெட்டி” என்றார் கடைக்காரர். “லாரியையே இழுத்தது, உன் ஓட்டை வண்டியை இழுக்காதா?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

“இப்ப என்னடா பண்றது?”

மச்சினன் தவழ்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய், பல் மட்டும் வெள்ளை. “பெட்டியைக் குறைக்க முடியாது. பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போற தண்டைக் குறைச்சுடலாம்.”

“வெட்டினா ஒண்ணும் ஆகாதே?”

“அது என்ன உங்க விரலா? வெட்டி, ஒட்டி, கொடுத்துடறேன்.”

வெட்டினான். ஒட்டினான். பெட்டி உள்ளே போய் உட்கார்ந்தது. கொக்கி தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தான். வேகம் கூடியதும் வண்டிக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது, கொக்கியின் கடைவாய்ப் பல் நடுங்கியது. திரும்பி வந்து இறங்கியபோதும் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“தண்டு ஒரு மயிரிழை கோணல்” என்றான் மச்சினன், சாவகாசமாக. “பெட்டிக்கு அடியில தடிமனா ரப்பர் வெச்சா நடுக்கம் அடங்கிடும்.”

பழைய டயரை அறுத்து அடியில் செருகினான். நடுக்கம் பாதி அடங்கியது. ஆனால் பெட்டி ஒரு விரல் மேலேறிவிட்டது. கியர் கைப்பிடியையும் பெட்டியையும் இணைக்கும் கம்பிக்கு இது தெரியாதே! அது பழைய அளவிலேயே இழுத்தது. கொக்கி வண்டியில் ஏறி, கைப்பிடியை டிரைவில் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி பின்னால் பாய்ந்தது. பட்டறைக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெயர்ப்பலகை மச்சினன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

“என்னைக் கொல்லத்தான் அக்காவைக் கட்டினீங்களா?”

“டிரைவுலதான்டா போட்டேன்!”

ஆராய்ந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. எல்லாம் இடம் மாறிப் போயிருந்தது. டிரைவில் போட்டால் பின்னால் போகும். நியூட்ரலில் போட்டால் முன்னால் போகும். ரிவர்ஸில் போட்டால் சும்மா நிற்கும். பார்க்கிங்கில் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க இருவருக்கும் துணிவில்லை.

“கம்பியைச் சரிபண்ணணும்னா மறுபடி எல்லாத்தையும் இறக்கணும்” என்றான் மச்சினன். “பொழுது சாயுது. பேசாம மனப்பாடம் பண்ணிக்குங்க.”

கொக்கி மனப்பாடம் பண்ணினான். சோற்றைப் பிசையும்போதும் அவன் உதடு அசைந்தது. “நியூட்ரல் முன்னால, டிரைவ் பின்னால.” பெண்டாட்டி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு அவனையே பார்த்தாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் அடுத்த சங்கடம். சற்று நேரம் ஓடியதுமே பெட்டி எண்ணெய் கொதித்தது. லாரியில் எண்ணெயை ஆற வைக்கத் தனியாக ஒரு குழாய்ச்சுருள் இருந்திருக்கும். அது லாரியோடு நசுங்கிப் போயிருந்தது.

“அரை மணி நேரம் கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போன மச்சினன், கறுப்பாக, வளைந்து வளைந்து ஏறும் கம்பிக்குழாய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். வண்டித் தலைக்குப் பின்னால் அதைக் கட்டி, எண்ணெய்க் குழாயை அதில் சேர்த்தான்.

“இது எங்கே கிடைச்சுது?”

“கிடைச்சுது. நீங்க வண்டியைப் பாருங்க.”

கொக்கி வண்டியைப் பார்த்தான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

பஸ் கம்பெனி மேனேஜர் மேட்டின் அடியில் காத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். பக்கத்தில் ஒரு பஸ். அதன் ஸ்டியரிங்கில் ஒல்லியான ஓட்டுநர் ஒருவர் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேடு, அதன் உச்சியில் டிப்போ. கீழே கடைத்தெருக் கூட்டம் நெருக்கி நின்றது.

“வெள்ளை வண்டிக்காரர் ஏறிட்டார்” என்றார் மேனேஜர். “நீங்களும் இந்த பஸ்ஸை டிப்போ வரைக்கும் கொண்டுபோங்க. நானும் கூட வர்றேன்.”

“கூடன்னா... பஸ்ஸிலயா சார்?”

“உங்க வண்டியிலதான். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தானே தெரியும்?”

கொக்கி தலையை ஆட்டினான். வழக்கமாக எந்த வண்டியை மாட்டினாலும், என்ன சீக்கு என்று கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவான். இன்று தன் வண்டியின் சீக்கே மண்டை நிறைய இருந்தது. இரும்புச் சட்டத்தின் ஒரு முனையைத் தன் வண்டியிலும் மறுமுனையைப் பஸ்ஸின் மூக்கிலும் பூட்டினான்.

“பிரேக் பிடிக்க என் வண்டியிலிருந்து காத்துக் குழாய் கொடுக்கணுமாண்ணே?” என்று ஓட்டுநரைக் கேட்டான்.

“அதெல்லாம் இருக்கு, நீங்க ஏறுங்க.”

ஒரு வேலை மிச்சம் என்று ஏறினான். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்தட்டில் வாளித் தண்ணீரும் குவளையுமாக மச்சினன்.

“அவர் யாரு? எதுக்குத் தண்ணி?”

“உதவியாள் சார். கொஞ்சம் சுத்தக்காரன்.”

கைப்பிடியை நியூட்ரலில் போட்டான். வண்டி முன்னால் நகர்ந்தது. மேனேஜர் கைப்பிடியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி கைப்பிடியைப் பார்த்தார்.

“நியூட்ரல்ல இருக்கிற மாதிரி தெரியுதே?”

“வெளியே அப்படித்தான் தெரியும் சார். கண்டவன் எடுத்து ஓட்டிடக் கூடாதுன்னு மாத்தி வெச்சிருக்கோம்.”

“ஓ! திருட்டுக்குப் பாதுகாப்பா?”

“ஆமா சார். எனக்கே சில நேரம் குழம்பும்.”

மேடு தொடங்கியது. கண்ணாடி நடுங்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் கொக்கியின் செல்போன் அடித்தது. ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலால் அமுக்கினான். அது ஸ்பீக்கரில் போய் விழுந்தது.

“ஏங்க! நம்ம ஃப்ரிட்ஜோட முதுகைக் காணோம்!” பெண்டாட்டி கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள். “பாலெல்லாம் திரிஞ்சு போச்சு! காலையில தம்பிதான் வந்துட்டுப் போனான். அவன் அங்கேதானே இருக்கான்? கொடுங்க அவன்கிட்ட!”

பின்தட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது. சுடுகுழாயிலிருந்து ‘சுர்’ரென்று ஆவி கிளம்பியது.

“வெச்சிடு, வேலையில இருக்கேன்” என்று போனை அணைத்தான் கொக்கி.

“எதோட முதுகைக் காணோமாம்?” என்றார் மேனேஜர்.

“முதுகுவலி சார் அவளுக்கு. வலி வந்தா இப்படித்தான் பேசுவா.” ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். “ஊத்துடா!”

பாதி மேட்டில் அது நடந்தது. இன்ஜின் திடீரென்று ஊளையிட்டது. சக்கரம் நின்றது. பழைய பெட்டியில் கேட்ட அதே ஊளை. பழைய வீட்டுப் பேய் புது வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கொக்கிக்குத் தோன்றியது. பிரேக்கை மிதித்தான். முழு பஸ்ஸின் பாரமும் பின்னால் தொங்கியது. பிரேக் முனகியது. கண்ணாடியில் பஸ்ஸின் மூக்கு, அதற்கும் பின்னால் கடைத்தெரு, தள்ளுவண்டிகள், குடை பிடித்த தலைகள்.

“என்னாச்சு?” மேனேஜரின் கை முன்பலகையைப் பிடித்துக்கொண்டது.

“ஒண்ணுமில்ல சார். மூச்சு வாங்கட்டும்.”

“யாரு?”

கொக்கி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கிடங்கின் மூட்டை அடுக்கு கண்ணில் வந்து நின்றது. பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தான். ஊளை. வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. மேனேஜர் கதவுப் பிடியில் கை வைத்தார். கீழே யாரோ ஓடினார்கள். பின்தட்டில் மச்சினன், “அக்கா, என்னை மன்னிச்சிடு!” என்று உரக்கச் சொல்வது கேட்டது.

அப்போது பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம்.

வண்டி நின்றது. பிறகு, கனத்த ஆள் சோம்பல் முறித்து எழுவதுபோல, மெல்ல மேலே நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமல்ல, ஏறியது. கியர் கடித்துவிட்டது! கொக்கிக்கு நம்ப முடியவில்லை. பெட்டி சூடேறிவிடக் கூடாதே என்று ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தினான். வண்டி தளரவில்லை. ஊளையும் இல்லை, நடுக்கமும் இல்லை. லாரிப் பெட்டி என்றால் லாரிப் பெட்டிதான். இரும்புக் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

மேனேஜர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். “ஆச்சரியமா இருக்கே! வெள்ளை வண்டி இந்த மேட்டுல கத்தின கத்தல்ல என் காதே போச்சு. உங்களது இவ்வளவு அமைதியா ஏறுதே?”

“வேலை தெரிஞ்ச ஆளுங்க சேர்த்த பெட்டி சார்” என்றான் கொக்கி. குரலில் தெம்பு வந்திருந்தது.

டிப்போ வாசலில் இறங்கியதும் மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இனிமே எங்க பஸ்ஸெல்லாம் உங்க பொறுப்பு. ஆத்துப் பாலத்துக்குக் கீழே ஒண்ணு இன்ஜின் வெடிச்சுக் கிடக்கு. அங்கே ஏத்தம் இதைவிடச் செங்குத்து. உங்க வண்டிக்கு அதெல்லாம் தூசு! நாளைக்கு அதுலயே ஆரம்பிச்சிடுங்க.”

அவர் உள்ளே போனார். மச்சினன் நனைந்த கோழியாகப் பின்தட்டிலிருந்து குதித்தான்.

“பார்த்தீங்களா மாமா? தண்டுல ஒட்டு, அடியில ரப்பர், மேல ஃப்ரிட்ஜ் குழாய். எவனாவது செஞ்சிருப்பானா?”

“உங்கக்கா உன்னைக் கொன்னுடுவாடா.”

“நீங்கதான் காப்பாத்தணும்.”

“புது ஃப்ரிட்ஜே வாங்கிடலாம்டா!” கொக்கி முதுகை நிமிர்த்தினான். வெகு நாளைக்குப் பிறகு அது வலிக்காமல் நிமிர்ந்தது. பெண்டாட்டிக்குப் போன் போட்டு, அவள் மூச்சு விடுவதற்குள் சொன்னான். “வேலை நமக்குத்தான்! ஃப்ரிட்ஜ் என்ன கலர் வேணும்னு யோசிச்சு வை.” மறுபக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. திட்டவில்லை. அதுவே போதும்.

இரும்புச் சட்டத்தைக் கழற்ற அவன் குனிந்தபோது, பஸ் ஓட்டுநர் படியிறங்கி வந்தார். இருபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கொக்கியின் தோளில் கை வைத்து, காதோரம் குனிந்தார்.

“அண்ணே, சோதனைக்குன்னு ஓடுற பஸ்ஸைக் கொடுத்ததால பாதி மேட்டுல நான் கியரைப் போட்டு உங்க எல்லாரையும் மேல தள்ளிட்டு வந்துட்டேன், நாளைக்கு இன்ஜின் வெடிச்ச பஸ்ஸை மாட்டினா யாரு தள்ளுவா?”