மண் காக்காவும் ஓடைப்பட்டித் தந்தியும்

நூற்றுப் பதினேழாவது தடவை கேமராவை அமுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, மொட்டை மாடிச் சுவரில் ஒரு காக்கா உட்கார்ந்திருப்பதைத் தங்கபாண்டி பார்த்தான். அடுத்த தடவை அமுக்குவதற்குள் அது நாலாகிவிட்டது. நாலும் அவர்கள் செய்து வைத்திருந்த மண் காக்காவையே முறைத்துக்கொண்டிருந்தன.

"ஏலே கர்ணா, இதுக எதுக்குடா இப்படிப் பாக்குதுக?"

"பாத்துட்டுப் போகட்டும். நீ அலகை ஒரு நூல் எறக்கு."

தேனியில் இருந்த அந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், இரண்டாம் வருடத்துப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பாடம் நடத்த உதவும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டவேண்டும். மற்றவர்கள் அட்டையில் பூகோள உருண்டையும் தீப்பெட்டியில் ரயிலும் செய்து கரையேறிவிட்டார்கள். தங்கபாண்டி, கர்ணன், ஜெபராணி மூவருக்கும் சினிமா ஆசை. விதை பரவுவதைக் காட்ட, ஒரு காக்கா வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டுப் பறந்துபோய் எச்சமிட, அங்கே செடி முளைப்பதாகப் படம். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், ஒரு தடவை அமுக்க வேண்டும். இப்படியே ஆயிரம் தடவை. ஓட்டிப் பார்த்தால் மண் பொம்மை தானாக நடக்குமாம்.

கேமரா சங்கரலிங்கம் சாருடையது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சினர் கொண்டுவந்தது. கொடுக்கும்போதே அவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

"உள்ள ஒரே ஒரு ரீல்தான் இருக்கு. மூடியத் தெறந்தா வெளிச்சம் பட்டு ரீல் செத்துப்போகும். ரீல் செத்தா உங்க மூணு பேரு சர்டிபிகேட்டும் செத்துச்சு. செவ்வாக்கெழம சாயந்தரம் கேமரா என் மேசையில இருக்கணும்."

அன்றுதான் செவ்வாய்க்கிழமை.

தங்கபாண்டி பயத்திலேயே பிறந்து பயத்திலேயே வளர்ந்தவன். பல்லி கத்தினால் பயம், தபால்காரர் மணியடித்தால் பயம். சங்கரலிங்கம் சாரின் செருப்புச் சத்தம் கேட்டால் அவனுக்கு மூத்திரம் முட்டும். சர்டிபிகேட் இல்லாவிட்டால் வாத்தியார் வேலை இல்லை; வேலை இல்லாவிட்டால் ஓடைப்பட்டி மாமா சுருளியாண்டி தன் மகளைத் தரமாட்டார். அதனால் அந்தக் கேமராவைப் பச்சைப்பிள்ளையைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது சுவரில் இருபது காக்கா. எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன.

ஜெபராணிதான் கண்டுபிடித்தாள். "நாம நெசக் காக்கா றெக்கையத்தான ஒட்டியிருக்கோம்? செத்த காக்கான்னு நெனச்சு எழவுக்குக் கூடுதுக."

"அப்ப பொம்மையத் தூக்கிப் போயிருவமா?"

"எடத்த மாத்துனா படத்துல காக்கா திடீர்னு குதிக்கும்ணே. ரீல் வீணாப்போகும்."

கர்ணன் கீழே ஓடி, விடுதிச் சமையற்கட்டிலிருந்து ஒரு சட்டிச் சோறு கொண்டுவந்து மாடியின் அந்த மூலையில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். கூப்பிட்ட குரலுக்கு ஊர்க் காக்காவெல்லாம் வந்தது. தின்றுவிட்டு இந்த மூலைக்கே திரும்பியும் வந்தது.

ஜெபராணி ஒரு வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து பொம்மைக்கு மேலே பந்தல்போலப் பிடித்தாள். நிழல் விழுந்து, காக்கா எது தரை எது என்று தெரியாமல் போனது. போர்வையை மடித்து வைத்துவிட்டு, தங்கபாண்டி கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு குச்சியை வீசினான். 'படார்' என்று உச்சந்தலையில் ஓர் அடி.

சோற்றுச் சட்டியைத் தேடி மாடிக்கு வந்த சமையற்காரி சங்கிலியம்மாள் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தாடி! காக்கா தலையில தட்டிருச்சே! தம்பி, ஒனக்கு என்ன ராசி?"

"மகரம். ஏழரை நடக்குது" என்றான் தங்கபாண்டி.

"போச்சு. குச்சனூரு சனீசுவரன் கோயிலுக்குப் போயி எள்ளு விளக்குப் போடணும். ஆனா அது சனிக்கெழமதான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீ இருந்தா, சனிக்கெழம போடலாம்."

தங்கபாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். சங்கிலியம்மாளே இரக்கப்பட்டு ஒரு பரிகாரமும் சொன்னாள். நெருங்கின சொந்தத்துக்கு, ஆள் செத்துப்போனதாகப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் நெஞ்சிலடித்து அழுதால், வந்த சாவு அந்த அழுகையோடு கழிந்துவிடும். அப்புறம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

பெற்றவளுக்கு அனுப்பினால் அவள் தாங்கமாட்டாள். மாமா வீடுதான் சரி. "ரெண்டு தந்தி அடிச்சிரு கர்ணா. செத்துட்டான்னு ஒண்ணு, சாகலைன்னு ஒண்ணு" என்று கெஞ்சி அனுப்பினான்.

கர்ணன் அரை மணி நேரத்தில் சைக்கிளில் திரும்பிவந்தான். "மொதத் தந்தி போயிருச்சு. ரெண்டாவத சாயந்தரம் அடிப்போம்."

"ஏன்டா?"

"அழுகுறதுக்கு நேரம் குடுக்கணும்ல. பாதி அழுகையில நிறுத்திட்டா பாதி தோஷம் நின்னுருமே."

"அதுவும் சரிதான். என்ன எழுதுன?"

"வழக்கமா எழுதுறதுதான். 'தங்கபாண்டி காலமானார். உடனே புறப்பட்டு வரவும்.'"

"வரவுமா? அழுகச் சொன்னா, எதுக்குடா வரச்சொன்ன?"

கர்ணன் தலையைச் சொறிந்தான். "எழவுத் தந்தின்னா அப்படித்தானடா எழுதுவாக. கை தானா எழுதிருச்சு."

அதற்குப் பிறகு தங்கபாண்டிக்கு வேலையில் கவனம் இல்லை. ஒரு நூல் நகரவேண்டிய காக்கா நாலு நூல் நகர்ந்தது. தெருவில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் எட்டிப் பார்த்தான். மூன்று மணிக்கு, திராட்சைக் கூடை ஏற்றுகிற லாரி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து மாலையோடு மாமா இறங்கினார். பின்னாலேயே அத்தையும் ஓடைப்பட்டியில் பாதிப் பேரும்.

"எங்கய்யா எம் மருமகன்?" என்று மாமா அலறுவது கேட்டது.

"தங்கபாண்டியா? மாடியிலதான் இருக்கான்" என்று யாரோ விவரம் தெரியாமல் கைகாட்டினார்கள்.

மாமா கையால் சாவது, காக்கா கையால் சாவதைவிட மோசமாகத் தோன்றியது. ஒளிய இடம் இல்லை. கிடந்த வெள்ளைப் போர்வையை இழுத்து, தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு மல்லாக்கப் படுத்துவிட்டான்.

அத்தை படியேறி வந்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். சுற்றிலும் நூறு காக்கா கத்துவதையும் பார்த்தாள். "எங்கய்யா ராசா!" என்று அவன் மேலேயே விழுந்தாள். நல்ல கனமான உடம்பு. தங்கபாண்டி மூச்சுக்குத் தவித்து, போர்வையோடு எழுந்து உட்கார்ந்தான்.

ஓடைப்பட்டியே பின்வாங்கியது. மாமா "ஐயோ!" என்று அலறிப் பின்னால் சாய்ந்தார். அவர் சாய்ந்தது கேமராவைத் தாங்கி நின்ற முக்காலியின் மேல். முக்காலி சாய்ந்தது மண் காக்காவின் மேல். கேமரா தரையில் விழுந்து உருண்டு, மூடி திறந்து, உச்சி வெயில் தணியாத வெளிச்சத்தில் வாயைப் பிளந்து கிடந்தது.

மாமா அவனைத் தொட்டுப் பார்த்து, உயிர் இருப்பது தெரிந்து, இரண்டு அறை விட்டு, கட்டிப்பிடித்து அழுதார். கர்ணன் குளறிக் குளறித் தந்தியின் கதையைச் சொன்னான். "தோஷம் சுத்தமாக் கழிஞ்சிருச்சு" என்று சங்கிலியம்மாளுக்குப் பரம திருப்தி.

தங்கபாண்டி எதையும் கேட்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு தேம்பினான். "ரீல் செத்துப்போச்சு மாமா. நெசமாவே நான் செத்திருக்கலாம்."

சத்தம் கேட்டு, என்னவென்று பார்த்துவரச் சொல்லி சங்கரலிங்கம் சார் அனுப்பிய பியூன் ஒச்சாண்டி மூச்சிரைக்க மேலே வந்தார். தங்கபாண்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மூடி தெறந்துருச்சு. சாருகிட்டச் சொல்லிராதீகண்ணே. என்னையக் கொன்னுருவாக."

ஒச்சாண்டி கேமராவை எடுத்து, உள்ளே ஊதித் தூசியைத் தட்டிவிட்டு, மூடியை அழுத்திச் சாத்தினார்.

"அட எந்திரிங்க தம்பி, இதுல ரீலே கெடையாது, அத மாட்டத் தனக்குத் தெரியாதுங்கிறது வெளிய தெரிஞ்சிருமோன்னு சாருல்ல ஆறு வருசமாப் பயந்துக்கிட்டுத் திரியிறாக!"