மாதா கேப்பும் நாற்பது நிமிடமும்

தேவமாதாவை முன் சீட்டில் இருத்தி, பெல்ட் போட்டு, ஹீட்டரைத் திருகிவிட்டு, "சூடு காணுமோ அம்மா?" என்று கேட்டு, பதில் கிடைத்தவர் போலத் தலையாட்டிவிட்டுக் காரை எடுக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் லண்டனில், பிளேஸ்டோவில்தான் இருந்தார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் என் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் 'மாதா கேப்'. பெரியவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணை' சேர்த்துக்கொண்டோம்.

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனுக்கு வந்து சேர்ந்திருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சிலர் சேர்ந்து ஒரு செபக் குழு நடத்தினோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஆங்கிலத்தில். தமிழில் மன்றாடுவதற்குச் சனிக்கிழமை மாலைதான். குழுவின் ஒரே சொத்து ஒரு மாதா சுருவம். சுருவம் என்றால் எங்கள் ஊர் வழக்கில் சிலை. இரண்டரை அடி உயரம், நீல அங்கி, வலது கைச் சுண்டுவிரலில் சின்னதாக ஓர் உடைவு. மாதா ஒரு வீட்டில் ஒரு கிழமை தங்குவா. அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குப் புறப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போவா. அங்கே எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, பற்றிஸும் வடையும் சாப்பிட்டுக் கலைவோம்.

மாதா வருகிறா என்றால் வீட்டுக்காரர் சுவருக்குப் புதுக் கடதாசி ஒட்டுவார்கள். சண்டை பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள் ஒரு கிழமைக்குச் சமாதானமாவார்கள். பீடத்துக்குக் கீழே விசாக் கடிதம், டிரைவிங் டெஸ்ட் கடிதம், பிள்ளையின் பரீட்சை இலக்கம் எல்லாம் செருகப்படும். ஒரு கிழமை பீடம் ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது.

நான் குழுவின் செயலாளர். கவுன்சிலில் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். எந்த வீடு, எந்தக் கிழமை, மாதா எத்தனை மணிக்குப் புறப்பட்டா, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தா, பிந்தினால் என்ன காரணம் என்று ஐந்து நிரல் கீறிய பதிவேடு ஒன்று வைத்திருந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

மாதா கேப் அண்ணை மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டினார். சுருவத்தைக் கொண்டுபோகிற பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். பின் சீட்டில் வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, பின் சீட்டில் வாடிக்கையாளரைத்தான் ஏற்றுவது, வீட்டு ஆட்களை முன்னுக்குத்தான் ஏற்றுவது என்றார். மணிக்குப் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார். ஒருமுறை பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, ஏன் இப்படி ஊர்ந்து போகிறாய் என்று கேட்டிருக்கிறார். "என்ர அம்மா இருக்கிறா" என்று இவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் குனிந்து, நீலப் போர்வைக்குள் அசையாமல் இருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாராம்.

இன்னொரு சனிக்கிழமை அப்டன் பார்க் மைதானத்தில் உதைபந்தாட்டம் முடிந்து சனம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. நடுவில் அகப்பட்ட இவருடைய காருக்குள் மாதாவைக் கண்ட முரட்டு ரசிகன் ஒருவன், பாடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, சிலுவை அடையாளம் போட்டு, தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி யன்னலுக்குள்ளால் நீட்டினான். மாதா அன்று கருஞ்சிவப்பும் நீலமுமான சால்வையோடு வந்து இறங்கினா.

எங்கள் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாருக்கும் 'ரீச்சர்'. சால்வையைக் கண்டதும் அவவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"இது என்ன கோலம்?"

"மாதாவுக்கும் நீலம்தானே ரீச்சர்" என்றார் மாதா கேப் அண்ணை. "அவையும் இண்டைக்கு மாட்ச் வெண்டிட்டினம்."

மாதாவை இறக்கி வைத்ததும் அவர் போய்விடுவார். சனிக்கிழமை மாலைதான் கேப்காரருக்கு உழைப்பு. ஆறு மணிக்கு ஷிப்ட். உள்ளே நாங்கள் முதல் பாட்டைத் தொடங்கும்போது வெளியே அவருடைய கார் புறப்படுகிற சத்தம் கேட்கும். எங்கள் செபத்தில் அவர் முழங்கால் போட்டு நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

"தம்பி செக்ரட்டரி, என்ர அறைக்கும் ஒரு கிழமை எழுதுங்கோவன்."

குழுவுக்கு ஒரு விதி இருந்தது. இருபது பேர் இருந்து செபிக்க இடமுள்ள வீடுகளுக்குத்தான் மாதா போவா. விதியை எழுதியவன் நான். இவர் இருந்தது ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறையில்.

"உங்கட அறையில இருவது பேர் இருக்கேலாது அண்ணை."

"மாதா ஒராள். நான் ஒராள். மிச்சப் பதினெட்டுப் பேரும் படியில நிக்கட்டும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. நான் அதைப் பதிவேட்டில் எழுதவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மாதா பிந்தத் தொடங்கினா. பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. அடுத்த கிழமையும் நாற்பது நிமிடம் தாமதம். அதற்கடுத்த கிழமையும் நாற்பது. காரணம் கேட்டால் "ட்ராஃபிக்" என்பார். ட்ராஃபிக் இல்லாத நாளில், மாதாவுக்கு ரவுண்டபௌட் ஒத்துக்கொள்ளாது, தலைச்சுற்று வருகிறது, அதனால் சுற்றிவளைத்து வந்தேன் என்பார். வடை ஆறிப்போகிறது என்று வீட்டுக்காரர்கள் ரீச்சரிடம் முறையிட்டார்கள். ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் ஒரு சனிக்கிழமை, முந்தின கிழமை மாதா போன வழியை அதே நேரத்தில் என் காரில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். தெரு வெறுமையாக இருந்தது.

எனவே அடுத்த சனிக்கிழமை அவரைப் பின்தொடர்ந்தேன். பதினைந்து மைலில் போகிற காரை ஒளித்துப் பின்தொடர்வது லேசான காரியம் அல்ல. இரண்டு தடவை என் கார் நின்றே போனது. பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். மாதா கேப் அண்ணை ஒன்றையும் கவனிக்கவில்லை. நேரே தன் வீட்டுக்கு ஓட்டிப் போய், மாதாவை நீலப் போர்வையால் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினார்.

கீழே கடை வைத்திருந்த குஜராத்திக்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரர். அவர் என்னைக் கண்டதும், நீ அந்த ஆளின் சிநேகிதனா என்று கேட்டார். மற்றக் குடியிருப்பாளர்கள் முறைப்பாடு செய்கிறார்களாம். பெண்களை அறைக்குக் கூட்டி வரக் கூடாது என்பது வீட்டு ஒழுங்கு. இந்த மனிதரோ சனிக்கிழமை தவறாமல் ஒரு பெண்ணைப் போர்வையால் மூடித் தூக்கிக்கொண்டு மேலே போகிறார், நாற்பது நிமிடத்தில் தூக்கிக்கொண்டு இறங்குகிறார், அந்தப் பெண் ஒருநாளும் நடந்ததில்லை என்றார். நான் படியேறினேன்.

கதவுக்கு அப்பால் செபமாலை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, பலர் மாறி மாறி மறுபாதியைச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் குரல்களை எண்ணினேன். முன்செபம் சொல்பவரோடு ஐந்து. ஒரு கிழவரின் கரகரத்த குரல், இடையில் இருமலும் உண்டு. இழுத்து இழுத்துச் சொல்கிற ஒரு தாயின் குரல். அவசரமாக ஓடுகிற இரண்டு பெண்பிள்ளைகளின் குரல். கள்ளமாக இன்னொரு செபக் குழு தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கோபத்தோடு கதவைத் தட்டினேன்.

உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கை கழுவும் தொட்டி. கதிரையில் தலையணை போட்டு மாதாவை இருத்தியிருந்தார். முழங்கால் போடக் கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலம்தான் இருந்தது.

"மற்றவை எங்கை?" என்று கேட்டேன்.

"ஆர் மற்றவை?"

"அஞ்சு பேற்ற சத்தம் கேட்டுது."

"ஓ, அதுவோ." அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "அது அப்பு, அம்மா, ரெண்டு தங்கச்சியவை. இருமல் அப்புவின்ரை."

பிறகு அவரே சொன்னார்.

"ஒருத்தனே ரெண்டு பாதியையும் சொன்னால் அது செபமாலை இல்லைத் தம்பி. ஆராவது மறுமொழி சொல்ல வேணும். மாதாவுக்கு விளங்கும். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு."

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இருக்கிறார்களா என்றும் கேட்கவில்லை. என் பதிவேட்டில் அதற்கு நிரல் இல்லை.

"எழுதப் போறியளோ?"

"எழுதத்தான் வேணும் அண்ணை."

"எழுதுங்கோ. ஆனால் நேரத்தைச் சரியா எழுதுங்கோ. செபம் முப்பத்தஞ்சு நிமிசம்தான். மிச்சம் அஞ்சும் படி ஏறி இறங்க."

கூட்டத்தில் நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். ஐந்து குரல்களைப் பற்றி மட்டும் வாசிக்கவில்லை. அது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று அன்று நினைத்தேன். ரீச்சர் கல்நெஞ்சுக்காரி அல்ல. அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே விதியைக் கிழித்திருப்பா. அவவுக்குக் கிடைத்தது தாமதக் கணக்கு மட்டும்தான். "அவருக்கும் சனிக்கிழமை உழைப்புக் கெடுது. வேறை ஆளைப் பாப்பம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னா. வொல்வோ கார் வைத்திருந்த ஒருவர் கை உயர்த்தினார்.

முடிவை மாதா கேப் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். நீலப் போர்வையை நாலாக மடித்து என்னிடம் தந்தார்.

"ரவுண்டபௌட்டில மெதுவாப் போகச் சொல்லுங்கோ" என்றார்.

வொல்வோக்காரர் மாதாவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி டிக்கிக்குள் கிடத்திக் கொண்டுபோனார். பன்னிரண்டு நிமிடம். பதிவேட்டில் ஐந்தாவது நிரல் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துச் சில மாதங்கள் நான் பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒரு நாள் மனம் கேளாமல் அந்தக் கடைக்குப் போனேன். அறையில் வேறு ஆள் இருந்தார். மாதா கேப் அண்ணை தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அங்கே விசாரித்தால் கனடா என்றார்கள். அடுத்த கூட்டத்தில் ஐந்து குரல்களைப் பற்றிச் சொன்னேன். ரீச்சர் இருபது பேர் விதியை எடுத்துவிடச் சொன்னா. புதிய பட்டியலின் முதல் வரியில் அவருடைய ஞானஸ்நானப் பெயரை எழுதினேன். விலாசத்துக்கான இடம் இன்றுவரை காலியாக இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பட்டியலைப் புதிதாக எழுதும்போது அந்த வரியையும் எழுதுகிறேன்.

வொல்வோக்காரர் சென்ற மாதம் ஹரோவுக்கு வீடு மாறினார். இப்போது சுருவத்தை நான்தான் கொண்டுபோகிறேன்.

போன சனிக்கிழமை ஐந்து மணிக்கு அப்டன் பார்க்கில் ஒரு வீட்டிலிருந்து மாதாவை ஏற்றினேன். டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். நீலப் போர்வையைச் சுற்றி முன் சீட்டில் இருத்திப் பெல்ட் போட்டேன். ஹீட்டரையும் போட்டேன். அந்தக் கடைக்கு முன்னால் வந்ததும் காரை நிறுத்தினேன். மேல் யன்னலில் யாருடையவோ சேர்ட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. செபமாலையை எடுத்து முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதியை யார் சொல்வது என்று சிறிது நேரம் இருந்தேன். பிறகு நானே சொன்னேன். மணிகளை உருட்டி மூன்றாவது பத்துக்கு வந்தபோது ஒரு தடவை, ஒருவரும் இல்லாத துணிவில், இருமிப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ரீச்சர் கைத்தடியோடு நின்றா.

"என்ன, இவ்வளவு பிந்தி?"

"ட்ராஃபிக் ரீச்சர்."

அவ என்னையும் முன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு வடையைச் சூடாக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தா.

அன்று வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். புறப்பட்ட நேரம் ஐந்து மணி. சேர்ந்த நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு. ஐந்தாவது நிரலில், என் நல்ல கையெழுத்தில், 'ட்ராஃபிக்' என்று எழுதினேன்.